அலுமினியம் போடும் முன் இங்காட்டை அறுத்துப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு இண்டக்‌ஷன் ஃபர்னஸ் யூனிட்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். 6 டன் ஃபர்னஸ். மூன்றரைக்கு நாலரை இஞ்ச் பென்சில் இங்காட்டை (மெல்லிய, நீளமான எஃகுக் கட்டி) பாட்டம் போரிங்கில், அதாவது மோல்டு என்ற அச்சுகளுக்குள் அடிவழியாக உலோகம் ஏறும்படி ஊற்றி ரோலிங் மில்லுக்கு அனுப்புகிறோம். சில ஹீட் (ஒரு முறை உருக்கி எடுக்கும் உலோகம்) அருமையாக உருள்கிறது. சில ஹீட்டில் கம்பி நுனி பிளக்கிறது, நடுவில் ஓட்டை, தோலில் செதில். ஒரே ஹீட்டில் முதல் பிளேட்டுக்கும் கடைசி பிளேட்டுக்கும் (பிளேட் என்பது சேர்ந்து நிரம்பும் மோல்டுகளின் தொகுதி) கார்பன் மாறுகிறது. மழைக்காலம் வந்தால் தொல்லை இன்னும் அதிகம். "அலுமினியத்தைக் கூட்டிப் போடு, எல்லாம் அடங்கிவிடும்" என்கிறார் முதலாளி. போடலாமா?

பதில்: மில்லிலிருந்து திரும்பி வந்த இங்காட் ஒன்றை அறுத்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. நீங்கள் ஓட்டை என்று பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு கோளாறுகளாக இருக்கலாம். ஒன்று வாயு, இன்னொன்று சுருக்கம். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதை முற்றவைக்கும். உங்கள் முதலாளி சொல்வது முதல் கோளாறுக்கு ஓரளவு பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

எனவே முதல் வேலை ரம்பம். மில் திருப்பி அனுப்பிய ஹீட்டில் ஒரு இங்காட்டை எடுத்து, தலையிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு வெட்டு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று குறுக்கே அறுங்கள். தலைப் பக்கத்து ஒரு அடித் துண்டை நெடுக்காகவும் பிளந்து பாருங்கள். முகத்தை கிரைண்டரில் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். ஓட்டை உருண்டையாக, உள்சுவர் வழவழவென்று இருந்தால் அது வாயு. தோலுக்குச் சற்று உள்ளே வரிசையாகத் துளைகள் நின்றாலும் வாயுதான். ஓட்டை நடு அச்சில், ஒழுங்கில்லாத வடிவத்தில், சுவர் சொரசொரப்பாக, கூர்ந்து பார்த்தால் சின்னச் சின்னப் படிகக் கிளைகள் நீட்டிக்கொண்டு இருந்தால் அது சுருக்கம். பைப் என்று நாம் சொல்வது அதைத்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கும் இங்காட்டும் உண்டு. அப்போது எது அதிகம் என்று பார்த்து அதை முதலில் பிடியுங்கள்.

ஏன் இரண்டும் எதிரெதிர் என்பதை முதலாளிக்கு விளக்க வேண்டியிருக்கும். உருகிய எஃகில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், உறையும் நேரத்தில் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு குமிழாகிறது. அந்தக் குமிழ்கள் எஃகை உள்ளிருந்து ஊதிப் பெருக்கும். இன்னொரு பக்கம், எஃகு உறையும்போது அளவில் சுமார் 3 சதவீதம் சுருங்குகிறது. குமிழ் நிறைய இருந்தால் அந்தச் சுருக்கத்தின் இடத்தைக் குமிழே அடைத்துக்கொள்ளும், இங்காட் தலை தட்டையாகவோ உப்பியோ நிற்கும். அலுமினியம் போட்டு ஆக்சிஜனை முழுதாகக் கட்டிவிட்டால் குமிழ் நின்றுபோகும். ஆனால் அந்த 3 சதவீதமும் ஒரே பள்ளமாகத் தலையிலிருந்து நடுவே இறங்கும். ஏற்கெனவே பைப்பால் அவதிப்படும் ஹீட்டில் அலுமினியத்தைக் கூட்டினால் பைப் இன்னும் ஆழமாகும். அதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஹீட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊற்றும் முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஸ்பூனில் கொஞ்சம் உலோகம் எடுத்து, நன்றாகக் காய்ந்த சின்ன இரும்புக் கிண்ணத்தில் ஊற்றி, தலையை மட்டும் கவனியுங்கள். நடுவில் குழி விழுந்து அடங்கினால் ஆக்சிஜன் கட்டுப்பட்டிருக்கிறது. பொறி பறந்து, தலை உப்பி, மேல்தோல் வெடித்து உள்ளிருந்து உலோகம் பிதுங்கினால் வாயு இருக்கிறது. டேப் செய்யும் முன், அதாவது ஃபர்னஸிலிருந்து லேடில் என்ற வாளியில் ஊற்றும் முன், ஒரு முறை, லேடிலில் ஆக்சிஜனைக் கட்டும் சரக்குப் போட்ட பின் ஒரு முறை பாருங்கள். செலவு எதுவும் இல்லை, ஆனாலும் பல யூனிட்டுகளில் இதைச் செய்வதில்லை.

சரி, வாயு என்று தெரிந்தால் என்ன செய்வது?

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துருப்பிடித்த ஸ்க்ராப்பும் ஸ்பாஞ்ச் அயர்னில் (தாதுவை உருக்காமலே ஆக்சிஜன் நீக்கிய இரும்பு) மிச்சமிருக்கும் இரும்பு ஆக்சைடும்தான் பெரும்பங்கு. ஸ்பாஞ்ச் போடும்போது வரும் கொதிப்பு நல்லதுதான், அது ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் வெளியே அடித்துக்கொண்டு போகும். ஆனால் கொதிப்பு ஓயும் முன் டேப் செய்தால் மீதிக் கொதிப்பு மோல்டுக்குள்தான் நடக்கும். கடைசி ஸ்பாஞ்ச் விழுந்து, உலோகம் அமைதியாகி, ஸ்லாக்கை (மேலே மிதக்கும் கசடு) வாரிய பிறகே சாம்பிள் எடுங்கள். கார்பனை ஒரேயடியாகக் கீழே இறக்கிவிட்டுப் பிறகு கோக் போட்டு ஏற்றுகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். 1600 டிகிரியில் கார்பன் 0.20 சதவீதமாக இருக்கும்போது எஃகு பிடித்து வைக்கும் ஆக்சிஜனைப் போல, 0.10-க்கு இறங்கினால் ஏறக்குறைய இரு மடங்கு பிடித்து வைக்கும்.

அடுத்தது ஆக்சிஜனைக் கட்டும் சரக்கு. இங்கே வரிசையும் விகிதமும் முக்கியம். முதலில் சிலிக்கோ மாங்கனீஸ், பிறகு தேவைப்பட்டால் ஃபெரோ சிலிக்கான், கடைசியாக அலுமினியம். எஃகில் மாங்கனீஸ் சிலிக்கானைப் போல மூன்று மடங்காவது இருந்தால், உண்டாகும் ஆக்சைடு திரவமாக இருந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகி மேலே மிதந்து ஸ்லாக்கில் கலந்துவிடும். சிலிக்கான் ஓங்கினால் கெட்டியான சிலிக்கா துகள்கள் உள்ளேயே தங்கும். சந்தையில் கிடைக்கும் 60:14 சிலிக்கோ மாங்கனீஸில் (மாங்கனீஸ் 60, சிலிக்கான் 14 சதவீதம்) விகிதம் நாலுக்கு மேல், அது தனியாகவே சரியாக இருக்கிறது. டன்னுக்கு 8 கிலோ அதைப் போட்டு, கூடவே "இருக்கட்டுமே" என்று 70 சதவீத ஃபெரோ சிலிக்கான் 2 கிலோ போட்டால், சேர்த்த மாங்கனீஸ் 4.8 கிலோ, சிலிக்கான் 2.5 கிலோ. விகிதம் இரண்டுக்கும் கீழே போய்விட்டது. உங்கள் ஹீட் ஷீட்டில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், மோசமான ஹீட் பலவும் இங்கேயே மாட்டும்.

மாங்கனீஸ் விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவை வைத்து இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர்தான், வார்ப்பு எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் அவர் முறையை எடுத்துக்கொண்டார்கள், அவருக்குப் பணம்தான் போய்ச் சேரவில்லை.

அலுமினியம் போடுவதானால் டன்னுக்கு அரை கிலோ அளவில் ஆரம்பியுங்கள். கம்பி முனையில் கட்டி லேடிலில் ஆழத்தில் முக்குங்கள். மேலே எறிந்தால் ஸ்லாக்கில் எரிந்துபோகும். ட்ரம்பெட்டிலோ (உலோகம் ஊற்றும் நிமிர்ந்த குழாய்) மோல்டிலோ துண்டு போடுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். அங்கே உண்டாகும் அலுமினா மிதந்து மேலேற நேரமில்லை, அது கம்பியில் வரியாக நீளும்.

மழைக்காலத் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் ஹைட்ரஜன். அதற்கு அலுமினியம் ஒன்றும் செய்யாது. உருகிய எஃகு தாங்கும் ஹைட்ரஜனில் பாதியைக்கூட உறைந்த எஃகால் தாங்க முடியாது, மிச்சம் துளையாக வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஷெட் ஒழுகி ஃபெரோ அலாய் (சிலிக்கோ மாங்கனீஸ் போன்ற சரக்கு) மூட்டை நனைந்திருக்கும், எண்ணெயும் கூலன்ட்டும் சொட்டச் சொட்ட டர்னிங் (லேத் சீவல்) வந்திருக்கும், துருவே தன்னுள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஃபெரோ அலாயை ஃபர்னஸ் மேடையிலேயே ஒரு தட்டில் பரப்பிக் காயவைத்துப் போடுங்கள். லேடிலை பர்னரில் உள்சுவர் சிவக்கும் வரை சூடாக்குங்கள். வெளித்தகட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ந்தது என்று சொல்வது போதாது. புது லைனிங் (உள்பூச்சு) போட்டபின் முதல் இரண்டு மூன்று ஹீட்டை முக்கியமான ஆர்டருக்கு ஊற்ற வேண்டாம். ட்ரம்பெட்டிலிருந்து மோல்டுக்கு உலோகம் போகும் ரன்னர் செங்கல்லும் அப்படித்தான், பூசிய மண் ஈரமாக இருந்தால் அந்தப் பிளேட் முழுவதும் அடிப்பக்கம் துளை விழும். நனைந்த ஸ்க்ராப்பும் மூடிய குழாய், சிலிண்டர் துண்டுகளும் உருகிய உலோகத்தில் விழுந்தால் வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வரும் ஆட்களுக்கு மறுபடி மறுபடி சொல்லுங்கள்.

இனி சுருக்கம். மூன்றரைக்கு நாலரை இஞ்ச் அகலத்தில் ஐந்தடி உயர மோல்டு என்றால் அகலத்தைப் போல 13 மடங்குக்கு மேல் உயரம். பக்கச் சுவரிலிருந்து உறைந்து வரும் இரண்டு பக்கமும் நடுவில் சீக்கிரமே சந்தித்துப் பாலம் போட்டுவிடும், அதற்குக் கீழே உலோகம் இறங்க வழியிருக்காது. எனவே பென்சில் இங்காட்டில் நடு அச்சில் மெல்லிய குழி இல்லாமல் செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். அதற்காகப் பயப்பட வேண்டாம். காற்றே படாத குழி, மில்லில் சூட்டோடு அழுத்தும்போது சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். தலையில் வாய் திறந்து காற்றுப் பட்ட குழியின் உள்ளே ஆக்சைடு படிந்துவிடும், அது எத்தனை முறை உருட்டினாலும் ஒட்டாது. கம்பி நுனி பிளப்பதன் காரணம் பெரும்பாலும் இந்தத் திறந்த குழிதான். குழியைத் தலைக்கு அருகிலேயே நிறுத்தி, அந்தத் துண்டை மில்லில் வெட்டிவிடும்படி செய்வதே நம் வேலை.

அதற்கு முதலில் சூட்டைக் குறையுங்கள். மைல்டு ஸ்டீல் உறையத் தொடங்குவது 1515 - 1520 டிகிரி வாக்கில். லேடிலிலும் ரன்னரிலும் இழக்கும் சூட்டையும் சேர்த்து 1650-ஐ ஒட்டி டேப் செய்தால் பல யூனிட்டுக்குப் போதும். லேடில் அடியில் இருக்கும் நோசில் துளை அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் 1700 வரை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு 100 டிகிரி அதிகச் சூட்டுக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதச் சுருக்கம் கூடுகிறது, படிகமும் நீள நீளமாக வளர்கிறது, மோல்டும் சீக்கிரம் வெடிக்கிறது. நோசில் அடைப்புக்கு மருந்து லேடிலை நன்றாகச் சூடாக்குவது. கண் மதிப்பை நம்பாமல் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் டிப் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

ஊற்றும் வேகத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோல்டில் உலோகம் முக்கால் பங்கு ஏறும் வரை சீராகப் போகட்டும், பிறகு நோசிலைக் குறைத்து மெதுவாக ஏற்றுங்கள். கீழே சுருங்கும் இடத்துக்கு அந்த மெதுவான கடைசிப் பங்கு தீனி கொடுக்கும். ஏறி முடிந்த உடனே தலையில் உமிச்சாம்பல் போடுங்கள். ஆற்காடு, ஆரணிப் பக்கத்து ரைஸ் மில்களில் கிடைக்கிற அதே சாம்பல்தான். பெரும்பங்கு சிலிக்கா, உள்ளே காற்று நிறைந்தது, சூட்டை விடாது. இரண்டு விரல் கனம் வேண்டும். காய்ந்திருக்க வேண்டும். நன்றாக எரிந்த வெளுத்த சாம்பலாகப் பாருங்கள், கறுப்பாக இருந்தால் கார்பன் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். போடுகிறவருக்கு முகமூடி கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. லேடிலின் மேலும் இதையே பரப்பலாம்.

சில இடங்களில் சீக்கிரம் கழற்றுவதற்காகத் தலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், தலை மட்டும் மெல்லிய மூடியாக உறைந்து, கீழே குழி இறங்கும்போது அந்த மூடி விரிசல் விட்டுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை இன்றே நிறுத்துங்கள்.

தோலில் செதில் என்பது பெரும்பாலும் மோல்டுக் குற்றம். ட்ரம்பெட்டில் முதல் பாய்ச்சல் வேகமாக விழுந்தால் மோல்டு அடியிலிருந்து உலோகம் தெறித்து, சுவரில் ஒட்டி, பிறகு ஏறிவரும் உலோகத்தோடு சேராமல் நிற்கும். ஆரம்பத்தை மெதுவாக விடுங்கள். மோல்டு கைச்சூட்டுக்கு மேல், 100 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், பூச்சு மெல்லியதாக, காய்ந்ததாக. உள்சுவர் வலைபோல் வெடித்த மோல்டில் இங்காட் தொங்கிக் குறுக்கு விரிசல் விடும், அதை ஸ்க்ராப்பில் போட்டுவிடுவதே லாபம்.

வெட்டு முகம் சுத்தமாக இருந்தும் மில்லில் குறுக்கே வெடித்தால், பார்க்க வேண்டியது கந்தகமும் தாமிரமும். சிலிக்கா லைனிங் போட்ட இண்டக்‌ஷன் ஃபர்னஸில் கந்தகம், பாஸ்பரஸ் எதையும் குறைக்க முடியாது, தாமிரத்தை எந்த ஃபர்னஸிலும் எடுக்க முடியாது. மோட்டார் வைண்டிங் கலந்த ஸ்க்ராப்பை யார்டிலேயே பிரித்துவிடுங்கள். ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலையில் ஃபெ 500டி கம்பிக்கு கந்தகமும் பாஸ்பரஸும் தலா 0.040 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்த ஆர்டருக்கு ஸ்க்ராப் தேர்வுதான் எல்லாம்.

கடைசியாகக் கார்பன் மாற்றம். இதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒரே இங்காட்டுக்குள் தோலுக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் இயற்கை. குச்சி ஐஸில் ஓரம் வெளுத்து, நிறமும் இனிப்பும் நடுவில் சேர்வதுபோல, முதலில் உறையும் எஃகு கார்பன், கந்தகம், பாஸ்பரஸை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். சூட்டைக் குறைத்தால் இது குறையும். எனவே இங்காட் சாம்பிளை எப்போதும் ஒரே இடத்தில் துளையிட்டு எடுங்கள். இன்று தோலில், நாளை நடுவில் என்று எடுத்துவிட்டு ஹீட்டைக் குறை சொல்ல முடியாது.

பிளேட்டுக்குப் பிளேட் மாறுவது வேறு. ஒரு ஹீட்டை இரண்டு லேடிலாக டேப் செய்தால், ஃபர்னஸில் காத்திருக்கும் பாதி, சூட்டிலேயே நின்று ஸ்லாக்கிடமும் காற்றிடமும் கார்பனை இழந்துகொண்டிருக்கும். முடிந்தால் ஒரே டேப்பாக எடுங்கள். முடியாவிட்டால் இரண்டாவது லேடிலுக்குத் தனி சாம்பிள், தனிக் கணக்கு. லேடிலில் சரக்கைக் கால் பங்கு நிரம்பியதும் ஓடிவரும் தாரையிலேயே போட ஆரம்பித்து, முக்கால் பங்குக்குள் முடித்துவிடுங்கள். கட்டி கோழி முட்டை அளவுக்கு மேல் வேண்டாம். லேடில் அடியில் போரஸ் பிளக் (வாயு புகும் நுண்துளை அடைப்பு) வைத்து மூன்று நான்கு நிமிடம் ஆர்கான் விட வசதி செய்தால், கார்பன், மாங்கனீஸ், சூடு மூன்றும் சமமாகும். மேலே ஸ்லாக் லேசாக விலகிக் கண் திறந்தாற்போல் உலோகம் தெரிந்தால் போதும், கொதிக்கவிடக் கூடாது. உங்கள் யூனிட்டில் காசு செலவழிக்க வேண்டிய இடம் என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். முதலில் கிண்ணச் சோதனை, டேப் சூடு, பிளேட் எண் மூன்றையும் ஹீட் ஷீட்டில் ஏற்றுங்கள். மில்லிலிருந்து புகார் வரும்போது எந்தப் பிளேட் என்று தெரிய வேண்டுமே, அதற்குச் சாக்பீஸும் பெயின்டும் உதவாது, ரீஹீட்டிங் ஃபர்னஸில் எரிந்துவிடும். இங்காட் சூடாக இருக்கும்போதே அடிமுகத்தில் எண் பஞ்ச் அடித்துவிடுங்கள். தலைமுகத்தில் அடித்தால் மில்லில் முதலில் வெட்டி எறிவது அந்தத் துண்டைத்தான்.