பயிற்சி இல்லாத சாதாரண மக்கள் கடல்நாய்களைக் கண்காணிப்பதால் உண்மையில் பயன் உண்டா? நம் மலையகத்தில் அதுபோல் ஏதாவது செய்ய முடியுமா?

பயன் உண்டு, நிறையவே உண்டு. மலையகத்துச் சிறுத்தைகளுக்காகவும் அதுபோல் செய்ய முடியும். ஆனால் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வருகிறவர்களை நம்பி அல்ல. கொழுந்து பறிக்கிறவர்களை நம்பித் தொடங்கினால் முடியும்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். முதியோர் பராமரிப்பு வேலைக்காக இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் இருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் கடல்நாய் கணக்கெடுக்கும் குழுவோடு போய்வந்தேன். அங்கே கரையேறுபவை பெரும்பாலும் சாம்பல் கடல்நாய்கள். உலகில் அவ்வினத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிரித்தானியக் கரைகளில்தான் வாழ்கிறது. அவற்றுக்கென 1914இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்தக் குகையில் எது குட்டி போட்டது, எது காயத்தோடு திரிகிறது என்பதைச் சட்டமா போய்ப் பார்க்கும்? பார்ப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால்காரர்கள், காலையில் நாயோடு நடக்க வருகிறவர்கள்.

கோட்ரெவி என்ற இடத்தில் செங்குத்தான பாறைமுகட்டுக்குக் கீழே மட்டன் கோவ் என்றொரு சிறு கரை இருக்கிறது. வற்று நேரத்தில் கடல்நாய்கள் அங்கே வந்து படுத்துக் கிடக்கும். மேலே நிற்பவர்கள் சத்தம் போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். முகட்டில் ஒருவர் உரக்கச் சிரித்தால் போதும், கீழே ஒரு தலை நிமிரும், பிறகு பத்துத் தலைகள். அடுத்த கணம் கூட்டம் முழுவதும் கல்லில் உராய்ந்துகொண்டு கடலுக்குள் விழும். தலை நிமிர்ந்ததா, நகர்ந்ததா, நீருக்குள் ஓடியதா என்று தொந்தரவின் அளவையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதவேண்டும். ஓய்வு கெட்ட விலங்குக்கு உடல்வலு வீணாகிறது; பால் குடிக்கும் குட்டி என்றால் தாயைப் பிரிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. குட்டிக்குத் தாய்ப்பால் கிடைப்பதே ஏறத்தாழ மூன்று வாரம்தான்.

எண்ணிக்கையை விடப் பெரிய வேலை அடையாளம் காண்பது. ஒவ்வொரு கடல்நாயின் தோலிலும் உள்ள புள்ளிகள் வேறு வேறு. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. போன வருடத்துப் படத்தையும் இந்த வருடத்துப் படத்தையும் அருகருகே வைத்து, கழுத்தோரத்து ஒரு திட்டைப் பிடித்துக்கொண்டு, “இது அதுதான்” என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். அப்படித்தான் ஒரே பெண் கடல்நாய் குட்டி போட எங்கே வருகிறது, மற்ற மாதங்களில் எங்கே போகிறது என்பதெல்லாம் தெரியவந்தது. இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும், விட்டுப்போகாமல் எழுதுகிற பழக்கமும் போதும்.

அங்கே என்னை மிகவும் உலுக்கியது, கழுத்தில் வலைத்துண்டு மாட்டிய ஓர் இளம் கடல்நாய். உடல் வளர வளர நைலோன் இழை சதைக்குள் இறங்கிக்கொண்டே போகும். தொலைநோக்கியில் அந்தச் சிவந்த வளையத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் மலைதான்.

மலையகத்தில் அந்த வளையம் கம்பியால் ஆனது. சைக்கிளின் பிரேக் கம்பியையும் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியையும் சுருக்காக்கி, மரக்கறித் தோட்டத்து ஓரங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கிறார்கள். பன்றியின் தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சிக்கியது. உயிரோடு மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. ஒரே இரவில் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதையும் பன்றி உழுதுவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்தின் வயிறு எப்படி எரியும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சுருக்கு வைத்தவரைத் திட்டிக்கொண்டு இந்த வேலையைத் தொடங்க முடியாது.

இனி, யார் கண்காணிப்பது? எங்கள் பெரியம்மா கொழுந்துக்கு இறங்கும்போது பாதையில் ஈரமண்ணைக் குனிந்து பார்ப்பார். நாயின் தடத்தில் நகக்குறி விழும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் நகக்குறி இராது. நகமில்லாத பெரிய தடம் கண்டால் அன்று யாரையும் அந்தப் பக்கம் தனியே விடமாட்டார். லயத்தில் நாய் காணாமல் போவதும், ஓடையோரத்தில் மரையின் எலும்பு கிடப்பதும் முதலில் தெரிவது இந்தப் பெண்களுக்குத்தான். கங்காணியிடம் சொல்வார்கள். பேச்சு அத்தோடு காற்றில் போய்விடும். கோர்ன்வாலில் நாயோடு நடப்பவர் சொன்னது பதிவாகிறது. பரம்பரை பரம்பரையாக இந்த மலையில் நடப்பவர்கள் சொல்வது ஏன் பதிவாகக்கூடாது? இதைக் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

ஆய்வாளர்கள் காட்டுப்பாதையின் இருபுறமும் தானியங்கிக் கெமரா வைப்பதும் கடல்நாய்க்குச் செய்வது போன்ற காரணத்துக்காகத்தான்: சிறுத்தையின் இரண்டு விலாவிலும் புள்ளிகள் வேறு, ஒவ்வொன்றுக்கும் தனி. ஆனால் கெமரா எங்கே வைத்தால் பலன் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் தோட்டத்து மக்கள்.

ஒரு வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள். கடல்நாயை முகட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம், சிறுத்தையை அப்படிப் பார்க்கப் போகக்கூடாது. தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கிறது என்றால் ஊரே திரண்டு சுற்றி நிற்பது நம் பக்கத்து வழக்கம். போக வழியில்லாமல் அது பாயும். ஆளுக்கும் காயம், கடைசியில் அதன் உயிரும் போகும். நம் தன்னார்வலர் தேடவேண்டியது தடத்தையும் சுருக்கையும்தான்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: தோட்டத்துக்கு ஒரு கொப்பி போதும். நாள், நேரம், மலையின் (தேயிலைப் பகுதியின்) இலக்கம், கண்டது தடமா எச்சமா இரையா, கண்டவர் பெயர். தடத்தைப் படமெடுக்கும்போது அளவு தெரிய, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். சுருக்கில் விலங்கு உயிரோடு இருந்தால் நெருங்காமல், கூட்டத்தை விலக்கிவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கொப்பியில் உள்ள இடப்பெயர்களை மட்டும் முகநூலில் போடாதீர்கள். வேட்டைக்காரர்களும் அதைப் படிப்பார்கள்.