பழைய ஃபிரிட்ஜுக்கு 3,000 ரூபாய் தருகிறார்கள்: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டு 240 லிட்டர் டபுள் டோர் ஃபிரிட்ஜுக்கு 11 வயது. போன வாரம் கூலிங் நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, கேஸ் லீக், எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய் ஆகும் என்கிறார். ஷோரூமில் புதியது 27,000 ரூபாய். பழையது ஓடாவிட்டாலும் 3,000 ரூபாய்க்கு எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களாம். ஜப்பானில் இருக்கும் என் தம்பி, ‘இங்கே பழைய ஃபிரிட்ஜைக் கழிக்க நாம்தான் பணம் கட்டணும், அதனாலேயே ரிப்பேர் பண்ணி ஓட்டுறோம்’ என்கிறான். இங்கே நமக்கே பணம் கொடுத்து எடுத்துப்போகிறார்கள் என்றால், மாற்றிவிடுவதுதானே லாபம்? (திருச்சி வாசகி)

பதில்: அந்த 3,000 ரூபாயை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். உங்களைக் குழப்புவது அதுதான்.

ஓடாத ஃபிரிட்ஜ் என்பது சுமார் 50 கிலோ எடை. அதில் தகரம், ஒரு கம்ப்ரசர், கொஞ்சம் செம்பு, அலுமினியம். மீதி பிளாஸ்டிக்கும் ஃபோமும். பழைய இரும்புக் கடையில் இதற்கு ஆயிரம் சொச்சம் கிடைத்தாலே பெரிது. அப்படியென்றால் மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? புதிய ஃபிரிட்ஜின் விலையிலிருந்துதான். எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காமல் இன்னொரு கடைக்குப் போய், ‘ரொக்கமாகத் தருகிறேன், கடைசி விலை என்ன?’ என்று கேளுங்கள். 25,000 என்றால், உங்கள் பழைய ஃபிரிட்ஜின் உண்மையான மதிப்பு 1,000 ரூபாய். அவ்வளவுதான்.

அப்புறம் வருஷக் கணக்கு போடுங்கள். புதியது கைக்காசு 24,000, பன்னிரண்டு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 2,000. ரிப்பேர் 5,500, மூன்று வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 1,830 சொச்சம். அதோடு பழையது கூடுதலாகக் குடிக்கும் கரண்டையும் சேர்க்க வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு யூனிட் வித்தியாசம், யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் 600 ரூபாய். ஆக ரிப்பேர் 2,430 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. புதியது முந்துகிறது. ஆனால் அதே ரிப்பேர் நாலு வருஷம் தாங்கினால் 1,975 ரூபாய்தான். தராசு மறுபக்கம் சாய்கிறது. ரிப்பேர் எத்தனை வருஷம் நிற்கும் என்பதுதான் உங்கள் கேள்வியே. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி சொன்னது உண்மை. ஜப்பானில் 2001 ஏப்ரல் முதல் ஏசி, டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றைக் கழிக்கிறவரே மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். உங்களுடையது போன்ற ஃபிரிட்ஜுக்கு அது ஐயாயிரம் யென்னை ஒட்டி வரும். எடுத்துப்போகிற கூலி தனி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரிப்பேர் செய்தால் அந்தக் கட்டணம் தப்பிப்போவதில்லை, தள்ளித்தான் போகிறது. என்றைக்கு அந்த ஃபிரிட்ஜ் போனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வருஷத்துக்குச் சில நூறு யென்தான். கணக்கில் சின்னது. ஆனாலும் வாசலில் நின்று பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது கை தயங்குகிறது இல்லையா, அந்தத் தயக்கத்தில்தான் ஒருவர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். இன்னொருவர் ராத்திரியோடு ராத்திரியாக மலையோரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார். இந்தத் தொல்லை அங்கே இன்னும் தீரவில்லை. சுவிட்சர்லாந்தில் வேறு வழி. கட்டணத்தை வாங்கும்போதே விலையோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பழையதை, அதே மாதிரிப் பொருள் விற்கிற எந்தக் கடையிலும் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். ஒளித்துக் கொட்ட யாருக்கும் காரணமில்லை. ஆனால் ரிப்பேர் செய்யத் தூண்டுகிற அந்தக் கடைசி நேரத் தயக்கமும் இல்லை.

சரி, இங்கே? நமக்குச் செலவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் ஃபிரிட்ஜ் உடைப்பதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கட்டிங் பிளேயரால் செம்புக் குழாயை நறுக்குவார்கள். உள்ளே கேஸ் மிச்சமிருந்தால் ‘புஸ்’ என்று வெளியே போய்விடும். கம்ப்ரசரைக் கவிழ்த்தால் எண்ணெய் மண்ணில் இறங்கும். சுத்தியலால் தட்டித் தகரத்தை உரித்ததும் மஞ்சள் ஃபோம் கட்டி கட்டியாக உதிரும். வாங்க ஆளில்லாத பொருள் அது ஒன்றுதான். மூலையில் குவியும், பிறகு ஒருநாள் எரிக்கப்படும். கையுறை போட்ட ஒருவரை அங்கே நான் பார்த்ததில்லை. நீங்கள் கட்டாத கட்டணத்தை, அங்கே ஃபிரிட்ஜ் உடைக்கிற பையனின் நுரையீரல் கட்டுகிறது. இதைச் சொல்லாமல் உங்களுக்கு லாப நஷ்டக் கணக்கு மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை.

அந்த கேஸைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஃபிரிட்ஜில் இருந்த கேஸின் ரகம் ஆர்-134ஏ என்றால், அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஒரு ஃபிரிட்ஜில் இருக்கும் 120 கிராமைக் காற்றில் விடுவதும், எழுபது லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரிப்பதும் ஒன்று. உங்களுடையது ஏற்கெனவே லீக்காகிப் போய்விட்டது. அதனால்தான், லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போகிற ரிப்பேர் வேண்டவே வேண்டாம் என்கிறேன். ஆறு மாதத்தில் பணமும் போகும், கேஸும் போகும்.

இனி, எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்கு வருவோம். லீக் எங்கே என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசர் பக்கத்து ஜாயின்ட்டில் எண்ணெய்க் கறை தெரியும். அங்கே சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அப்படி வெளியில் இருந்தால் பற்றவைத்து, ஃபில்டரைப் புதிதாக மாற்றி, அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து), கேஸ் விவரம் போட்ட ஸ்டிக்கரில் (நட்சத்திர ஸ்டிக்கர் இல்லை) எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி கேஸ் ஏற்றினால், நாலு வருஷம் எதிர்பார்க்கலாம். தாராளமாக ரிப்பேர் செய்யுங்கள். ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ். மிச்சத்தை வெளியேற்றாமல் பற்றவைக்கக் கூடாது. அதில் பழக்கமுள்ளவரை மட்டும் கூப்பிடுங்கள்.

‘பாடி லீக்’ என்றால், அதாவது ஃபோமுக்குள் புதைந்த குழாயில் ஓட்டை என்றால், விட்டுவிடுங்கள். பக்கவாட்டுத் தகரத்தை அறுத்தோ, வெளியே தனிக் குழாய்ச் சுருள் வைத்தோ ஓட்டலாம்தான். 11 வயசு ஃபிரிட்ஜுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மாற்றுவதென்று ஆனால், பழையதை அனுப்பும் முன் இரண்டு போன் செய்யுங்கள். ஒன்று, ஃபிரிட்ஜ் கம்பெனியின் இலவச எண்ணுக்கு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருளுக்கு ஈடாக மறுசுழற்சி நடப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் நிர்ணயித்தார்கள். சில கம்பெனிகள் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போயின. 50 கிலோவுக்கு 1,100 ரூபாய் ஆகிறது, அதனால்தான் வழக்கு. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ‘பழையதை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவீர்களா, ரசீது தருவீர்களா?’

அது சரிவரவில்லை என்றால், இரண்டாவது போன் உங்கள் மெக்கானிக்குக்கு. கம்ப்ரசர் நன்றாக இருந்தால் வேறொரு வீட்டு ஃபிரிட்ஜில் ஓடும். கதவு ரப்பர், தட்டு, ஃபேன் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்வார். எக்ஸ்சேஞ்சில் உண்மையில் கிடைக்கும் அந்த ஆயிரத்தைவிட 300, 400 குறைவாகக் கொடுத்தாலும் அவரிடமே கொடுங்கள்.