மகன் எழுதிய பதிலைப் பார்க்கக் கேட்கலாமா?

கேள்வி: நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன வாரம் அவனுடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பாக்கெட் இருந்தது. கேட்டதற்கு, நண்பனுடையது என்கிறான். இதற்கிடையில், மாணவர்களின் போதைப் பழக்கம் குறித்து ஆய்வு செய்யும் ஒரு பெண் மருத்துவர் பள்ளிக்கு வரப்போவதாகவும் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் ஒரு படிவம் வந்திருக்கிறது. கஞ்சா, மாத்திரை என்றெல்லாம் கேட்டால், தெரியாததைச் சொல்லிக் கொடுத்ததாகாதா? நான் கையெழுத்துப் போட்டால், மகன் என்ன எழுதினான் என்று அந்த மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா? என் அண்ணனோ, அவனைத் திருச்சியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார்.
– ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடுங்கள். மகன் எழுதியதை மட்டும் கேட்காதீர்கள். கேட்டாலும் அந்த மருத்துவரால் சொல்ல இயலாது, சொல்லவும் கூடாது. இத்தகைய ஆய்வுகளில் மாணவரின் பெயரோ வரிசை எண்ணோ எழுதப்படுவதில்லை. பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்து, ஆசிரியர்களைச் சற்று விலகி இருக்கச் சொல்லி, எழுதி முடித்த தாளை மடித்து மூடிய பெட்டியில் போடச் செய்வார்கள். வீட்டுக்கும் தலைமையாசிரியருக்கும் போய்ச் சேராது என்ற நம்பிக்கை இருந்தால்தான் 16 வயதுப் பையன் உண்மையை எழுதுவான். அந்த நம்பிக்கையை ஒரு தாய்க்காக ஒருமுறை மீறினாலும், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ‘இல்லை’ என்றே எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு அந்த ஆய்வால் யாருக்கும் பயனில்லை.

ஆனால் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டதா, விடைகளை யார் பார்ப்பார்கள், ஐயம் எழுந்தால் யாரைத் தொலைபேசியில் அழைப்பது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு போடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது. 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் எழுத்து மூலமாக இசைவு பெற வேண்டும். உங்கள் மகன் வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக எதையாவது எழுதிவிட்டால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஐரோப்பிய நாடுகளின் பள்ளிகளில் 1995 முதல் நடந்துவரும் பெரிய ஆய்வில், உலகிலேயே இல்லாத ஒரு போதைப் பொருளுக்கு ‘ரெலெவின்’ என்று பெயர் வைத்து, மற்றவற்றோடு அதையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதையும் பயன்படுத்தியதாக எழுதுகிறவர்களை வைத்து, மிகைப்படுத்துவோர் எவ்வளவு பேர் என்று கணக்கிட்டார்கள்.

கேட்டாலே கற்றுக்கொடுத்ததாகிவிடுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆய்வாளர்களுக்கும் அது உண்டு. இதைவிடக் கடுமையான ஒரு கேள்வியை வைத்தே அதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2342 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் இடையே மனவேதனையில் வேறுபாடு காணப்படவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. போதைப் பொருள் பற்றிய கேள்வியும் அதுவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் இந்திய நிலவரத்தைப் பாருங்கள். 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின் இந்தியப் பகுதியில், 8.5 சதவீதத்தினர் அப்போது ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். மெல்லுவது, வாயில் அடக்குவது போன்ற புகையற்ற புகையிலையை எப்போதாவது பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10 வயது நிறைவதற்கு முன்பே அதைத் தொட்டுவிட்டனர். கேள்வித்தாள் பிள்ளையின் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, அந்த பாக்கெட் வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்த ஆய்வுகளால் நமக்கு என்ன பயன் என்பதற்கு ஐஸ்லாந்து நாட்டைச் சொல்ல விரும்புகிறேன். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதத்தினர், முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தனர். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. பயமுறுத்தும் சொற்பொழிவுகளால் இது நடக்கவில்லை. பெயரில்லாத கேள்வித்தாள்களைத் தொடர்ந்து கொடுத்தார்கள். கிடைத்த முடிவுகளைக் கோப்பில் கட்டி வைக்காமல், அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் உடனுக்குடன் கொண்டுபோய்ப் பெற்றோரை உட்கார வைத்து விளக்கினார்கள். பெற்றோருடன் கழிக்கும் நேரமும், ஒழுங்காக நடத்தப்படும் விளையாட்டும், பிள்ளையின் நண்பர்களைப் பெற்றோர் அறிந்திருப்பதும் பாதுகாப்புத் தருகின்றன என்று முடிவுகள் காட்டின; அரசும் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கியது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு தனிப் பையனின் தாளைக் கேட்பதற்குப் பதிலாக, முழுப் பள்ளியின் முடிவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வந்து விளக்குமாறு அந்த மருத்துவரைக் கேளுங்கள். பள்ளி விட்ட பிறகு டவுன் பஸ் வரும் வரை பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், வாய்க்கால் மதகில் யாரோடு உட்கார்கிறார்கள், கபடி ஆடுவதற்கு ஒரு திடலாவது இருக்கிறதா என்பதையெல்லாம் ஊர் கூடிப் பேசுவதற்கு அது வழிசெய்யும்.

இனி உங்கள் மகனைப் பற்றி. ‘நண்பனுடையது’ என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதைப் பொய்யென்று நிரூபிக்க முனையாதீர்கள். அவன் உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அந்தச் சிறு பையை அடக்கி வைத்திருந்தால், அந்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கக்கூடும்; பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. இரவில் அவன் சாப்பிட்டு முடித்த பிறகு, தனியாக, ‘எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில் மனம் தேடுகிறது’ என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். விட முயன்றால் முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் படிப்பில் கவனக் குறைவும் இருக்கும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அந்த நாட்களில் அவன் சிடுசிடுத்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிகோடின் சூயிங்கம்மை மருத்துவர் சொல்லாமல் வாங்கித் தராதீர்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356. மனநல ஆலோசனைக்கு 14416.

போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று அவனை மிரட்டவும் வேண்டாம். சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அவனல்ல. அதை அவனுக்கு விற்றவர்தான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. கடையைப் பற்றிப் புகார் செய்ய விரும்பினால், மகன் பெயர் வராதபடி பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கூல் லிப்புக்காகப் பதினாறு வயதுப் பையனைப் பெரியவர்களோடு ஒரு மையத்தில் அடைப்பது சிகிச்சை ஆகாது என்பது என் உறுதியான கருத்து. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டோரை உள்நோயாளியாகச் சேர்ப்பதை விதிவிலக்கான சூழலில் மட்டுமே அனுமதிக்கிறது. பேசிப் பார்த்தும் விட முடியவில்லை என்றாலோ, கஞ்சா அல்லது வலி மாத்திரைப் பழக்கமும் இருப்பதாகத் தெரிந்தாலோ, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வெளிநோயாளியாக அழைத்துச் செல்லுங்கள். அண்ணனையே உடன் வரச் சொல்லுங்கள்; தாய்மாமன் துணைக்கு வருவது பையனுக்குத் தெம்பாக இருக்கும், மருத்துவரிடம் பேசினால் அவருக்கும் விவரம் புரியும். சிங்கப்பூரில் இருக்கும் கணவரிடம் இதை மறைக்க வேண்டாம். ஆனால் அவர் மகனிடம் பேசுவதற்கு முன், நீங்கள் அவனிடம் என்ன பேசினீர்கள் என்பதை முழுவதும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்; கேள்விப்பட்ட கோபத்தில் தொலைபேசியில் அவர் சத்தம் போட்டால், உங்களிடம் வாய் திறக்கத் தொடங்கிய பையன் மறுபடி மூடிக்கொள்வான்.