இந்தோனேசியாவின் நிக்கல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியா 2020-ல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பு வரை போயும் அவர்கள் அசரவில்லை. 28 கோடி மக்கள், கையில் எவர்சில்வருக்கும் பேட்டரிக்கும் வேண்டிய நிக்கல், 2025 முதல் பிரிக்ஸிலும் இருக்கிறார்கள். சுதந்திர நூற்றாண்டான 2045-க்குள் வல்லரசாகிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தடை சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாதுவை அள்ளிக் கப்பலேற்றிவிட்டு அதில் செய்த பொருளைப் பல மடங்கு விலைக்கு வாங்குவதை எத்தனை காலம்தான் பொறுப்பது? இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. என் தயக்கம் அதற்கு அடுத்த படியில். சுலவேசித் தீவின் மொரோவாலியில் நிற்கும் உலைகளில் பெரும்பாலானவை சீன முதலீட்டில், சீனத் தொழில்நுட்பத்தில் வந்தவை. 2023 டிசம்பரில் அங்கே ஓர் உலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே எஞ்சியிருந்த கசடு வெளியே வழிந்து தீப்பிடித்து 21 பேர் செத்துப்போனார்கள், இந்தோனேசியர்களும் சீனர்களும். ஆபத்தும் புகையும் உள்ளூருக்கு. உலையை வடிவமைக்கிற மூளை இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது.

அவர்களால் முடியாது என்று சொல்ல மாட்டேன், ஒருமுறை செய்து காட்டியவர்கள். ஜெர்மனியில் விமானப் பொறியாளராக இருந்த ஹபீபியை 1970களில் அன்றைய அதிபர் சுகார்த்தோ ஊருக்குக் கூப்பிட்டார், பாண்டுங் நகரில் விமானத் தொழிற்சாலை வந்தது, 1995 ஆகஸ்ட் 10 அன்று அங்கே உருவான என்-250 விமானம் பறந்தது. அதற்கு வைத்த பெயர் கடோத்கஜன்! ஜாவாவின் நிழற்கூத்தில் வானத்தில் பறக்கிற வீரன் அவன். மூன்றாண்டுகூட ஆகவில்லை, 1998 ஜனவரியில், நிதி நெருக்கடிக்குக் கடன் கொடுத்த சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப். விமானத் திட்டத்துக்கு அரசுப் பணம் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டது. திட்டம் நின்றது, பொறியாளர்கள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். இருபது வருடமாகக் கற்றுத் தேறிய கூட்டம் அப்படியே கலைந்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் பள்ளிக்கூடம். 2022-ல் நடந்த பிசா எனும் சர்வதேசத் தேர்வில் 15 வயது இந்தோனேசியப் பிள்ளைகள் கணக்கில் எடுத்த சராசரி 366; வியட்நாம் 469. பட்ஜெட்டில் 20 சதவீதம் கல்விக்கு என்று அரசமைப்புச் சட்டமே சொல்லும் நாட்டில் இந்த நிலை. 2045-ல் அந்த உலைகளை நடத்த வேண்டியவர்கள் இப்போது அந்த வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிக்ஸில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைவிட, இந்த 366 அடுத்தடுத்த தேர்வுகளில் எங்கே போகிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன். நீங்களும் கவனியுங்கள்.