சில்வண்டு வண்டில்லை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஜனவரி மாதத்தில் பள்ளிகளுக்கிடையே பூச்சிகளை அடையாளம் காணும் போட்டி நடக்கவிருக்கிறது. நாற்பது பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். பெயர், வரிசை (பூச்சிகளைப் பிரிக்கும் பெரும்பிரிவு, ஆங்கிலத்தில் order), வாயுறுப்பின் வகை, உருமாற்றத்தின் வகை ஆகிய நான்கையும் எழுத வேண்டும். இருநூறு பூச்சிகளின் படங்களை அட்டைகளில் ஒட்டி மனப்பாடம் செய்துவருகிறேன். ஆனாலும் பள்ளியில் நடந்த மாதிரிப் போட்டியில் பாதிக்குமேல் தவறிவிட்டது. எங்கே பிழை செய்கிறேன்?

பதில்: படத்தில் பார்த்த பூச்சியும் பெட்டிக்குள் காய்ந்து கிடக்கும் பூச்சியும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதுதான் முதல் சிக்கல். தட்டானின் உடலில் உள்ள நீலமும் சிவப்பும், அதன் கண்களின் பளபளப்பும் இறந்தபின் மங்கிப் பழுப்பாகிவிடும்; கும்பிடுபூச்சியின் இலைப்பச்சை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். நிறத்தை நம்பிப் படித்தவர் அந்த ஒரு நிமிடத்தில் திகைத்து நிற்க நேரிடும். இறந்தபின்னும் பெரிதும் மாறாதவை இறக்கைகள், உணர்கொம்புகள், வாயுறுப்புகள் ஆகிய மூன்றுமே.

இரண்டாவதாக, மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேட்கப்படும் நான்கு விடைகளில், வரிசை சரியாகத் தெரிந்துவிட்டால் வாயுறுப்பும் உருமாற்றமும் பெரும்பாலும் அதனோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. வண்டு என்று உறுதியானால் கடித்து மெல்லும் வாய், முழு உருமாற்றம் (இடையில் கூட்டுப்புழுப் பருவம் உண்டு). நாவாய்ப்பூச்சி (மூட்டைப்பூச்சியின் இனத்தது) என்று உறுதியானால் குத்தி உறிஞ்சும் வாய், அரைகுறை உருமாற்றம் (கூட்டுப்புழுப் பருவம் இல்லை). ஈக்களின் வரிசையில் சற்று நின்று எழுதுங்கள், ஏனெனில் கொசு குத்தி உறிஞ்சுகிறது, வீட்டு ஈயோ ஒற்றி உறிஞ்சுகிறது. எனவே இருநூறு அட்டைகளை ஒரு மாதம் எடுத்து வைத்துவிட்டு, பன்னிரண்டு வரிசைகளை ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்கள் அதற்குப் பின் தாமாகவே பிடிபடும்.

வரிசைப் பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்கவும் தேவையில்லை. அவற்றில் பலவற்றின் ஈற்றில் வரும் ‘ப்டெரா’ இறக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கோலியாப்டெரா என்றால் உறை போன்ற இறக்கை. வண்டின் முன்னிறக்கைகள் கடினமான உறையாகி, முதுகின் நடுவே ஒரே நேர்கோட்டில் சந்திக்கும். ஹெமிப்டெரா என்றால் பாதி இறக்கை. நாவாய்ப்பூச்சியின் முன்னிறக்கையில் அடிப்பாதி தடித்தும் நுனிப்பாதி மெல்லிய சவ்வாகவும் இருப்பதால், மடிக்கும்போது முதுகில் பெருக்கல் குறி போட்டதுபோலத் தெரியும். லெபிடாப்டெரா செதில் இறக்கை. டிப்டெரா இரண்டே இறக்கை. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித்தலை போன்ற ஓர் உறுப்பு மட்டும் இருக்கும். தேனீயைப் போலவே மஞ்சளும் கறுப்புமாக வேடமிட்டுப் பூக்களின்மேல் அந்தரத்தில் நிற்கும் ஈக்கள் போட்டிகளில் தவறாமல் வைக்கப்படும். இறக்கைகளை எண்ணினால் வேடம் கலைந்துவிடும்.

எல்லாரும் சறுக்கும் இன்னோர் இடம் நம் மொழியில் இருக்கிறது. நம் பெயர்கள் அழகானவை, ஆனால் வரிசையைச் சொல்வதற்காகப் பிறந்தவை அல்ல. சோலைக் காட்டில் காதை அடைக்கும் சில்வண்டு வண்டு அன்று. அது ஹெமிப்டெராவைச் சேர்ந்தது. மின்மினிப்பூச்சியோ உண்மையில் வண்டு. தேயிலைக் கொசு என்று தோட்டங்களில் அழைக்கப்படுவது நாவாய்ப்பூச்சி. தேயிலை இலைகளைச் செம்பழுப்பாக்கும் சிவப்புச் சிலந்திக்கு எட்டுக் கால்கள் என்பதால் அது பூச்சியே அன்று. ஈசல், கறையானின் இறக்கை முளைத்த பருவம். எறும்புக்கு ஒடுங்கிய இடையும் முழங்கை போல மடங்கிய உணர்கொம்பும் உண்டு, ஈசலுக்கு இரண்டும் இல்லை. கறையான்களைப் பழைய பாடநூல்கள் ஐசாப்டெரா என்று தனி வரிசையில் வைக்கின்றன. இப்போது அவை கரப்பான்களுடன் பிளாட்டோடியாவில் சேர்க்கப்பட்டுவிட்டன. எதை ஏற்பார்கள் என்று போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன உளவு: முறைப்படி தயாரிக்கப்பட்ட பெட்டியில் வண்டுக்கு ஊசி வலது முன்னிறக்கையின் வழியாகவும், பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவிலும் குத்தப்பட்டிருக்கும். இதை மட்டும் நம்பி விடை எழுதாதீர்கள். பெட்டியைத் தயாரித்தவரும் உங்களைப் போன்ற ஒரு மாணவராக இருக்கலாம்.

கேள்வி: கூடலூரில் ஆசிரியராக இருக்கிறேன். போட்டிக்கு முன் மாணவர்கள் தாமே ஒரு பூச்சிப் பெட்டி தயாரிக்க வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே காடு. பிடித்துக் கொல்வது சரியா, சட்டம் அனுமதிக்கிறதா?

பதில்: காட்டுப் பக்கம் போகவே வேண்டாம். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டாம்பூச்சிகள் பல இடம்பெற்றுள்ளன. 2022-இல் திருத்தப்பட்ட அட்டவணைகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அட்டவணையில் உள்ள உயிரினம் செத்துக் கிடந்தாலும் அது அரசின் உடைமை. எந்த இனம் பட்டியலில் இருக்கிறது என்று பதின்மூன்று வயதுக் குழந்தை பறக்கும்போதே தெரிந்து வலை வீச முடியாது. ஆகையால் பட்டாம்பூச்சிகளையும் தட்டான்களையும் கைப்பேசியில் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு வேண்டியவை உங்கள் ஊர்த் தோட்டங்களிலேயே இருக்கின்றன. காபிக் காய்த்துளைப்பான் வண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1990-இல் கூடலூர்ப் பகுதியில்தான். தொப்புள் முனையில் குண்டூசித் துளையுள்ள காய்களைக் கேட்டால் தோட்டக்காரர் மனமுவந்து பறித்துக்கொடுப்பார். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வண்டில் ஊசி குத்த இயலாது. முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் ஒரு துளிப் பசையால் ஒட்டி, அந்த அட்டையை ஊசியில் ஏற்ற வேண்டும். முட்டைக்கோஸ் இலையைச் சல்லடையாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, பீன்ஸ் கொடியில் மொய்க்கும் அசுவினி, கோடை மழைக்குப் பின் அந்தியில் மண்ணிலிருந்து கிளம்பும் வேர்ப்புழு வண்டு ஆகியவற்றை எடுப்பதை எந்த விவசாயியும் தடுக்கமாட்டார். மாணவர்கள் கையில் நச்சு மருந்து எதையும் கொடுக்காதீர்கள். மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரு நாள் வைத்தால் போதும். பிடித்த இடம், நாள், பிடித்தவர் ஆகிய விவரங்கள் எழுதாத பூச்சியை ஆய்வாளர் எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். அந்துருண்டையோடு சிலிக்கா பொட்டலங்களையும் பெட்டிக்குள் போடுங்கள். கூடலூர் மழையில் அவை இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பெட்டி முழுவதும் பூசணம்.

வாய்ப்பிருந்தால் மாணவர்களைக் கோவைக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தில், முறையாகக் குத்தி அடுக்கிய பூச்சிகளை வரிசை வரிசையாகப் பார்ப்பது, நீங்களும் நானும் கரும்பலகையில் வரையும் படங்களைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: குன்னூருக்கு அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் மகள் போட்டிக்குப் பயிற்சி எடுக்க விரும்புகிறாள். மருந்தடிக்கும் தோட்டத்தில் பூச்சிகள் எங்கே இருக்கப்போகின்றன?

பதில்: இந்தியாவின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன், பூச்சிகளின்மேல் ஆர்வம் கொண்டதே நீலகிரியில் தேயிலை பயிரிட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான். மருந்தடித்த வரிசைகளுக்குள் மட்டும் மகளை அனுப்பாதீர்கள். இரவு ஏழு மணிக்கு மேல், வாசலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, அதன் முன்னால் ஒரு பல்பை எரியவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த, நிலவில்லாத இரவாக இருந்தால் அரை மணி நேரத்தில் வேட்டியில் இடமிருக்காது. விடியற்காலையில் தெருவிளக்கின் அடியில் விழுந்து கிடப்பவற்றையும் பொறுக்கிப் பார்க்கலாம். டிசம்பரில் உறைபனி இறங்கிவிட்டால் வேட்டிக்கு வரும் விருந்தாளிகள் குறைந்துவிடுவார்கள். எனவே அக்டோபர், நவம்பர் இரவுகளைத் தவறவிடாதீர்கள்.

தேயிலைக் கொசுவை அவளுக்கு நீங்களே காட்டலாம். கொழுந்தில் பழுப்புப் புள்ளிகள் தெரியும் இடத்தில் தேடி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் அதன் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டூசி நட்டதுபோல ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். அதைக் கண்டபின் வாழ்நாளில் அவள் அதைக் கொசுவென்று எழுதமாட்டாள்.

கேள்வி: எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பொறிவண்டுகள் இலையைத் தின்கின்றன. பொறிவண்டு நன்மை செய்யும் பூச்சி என்று பாடத்தில் படித்தேனே? (மாணவர், கேத்தி)

பதில்: பாடமும் சரி, நீங்கள் கண்டதும் சரி. 1928-இல் நீலகிரியின் வாட்டில் (wattle) என்னும் அயல்நாட்டு மரங்களில் ஆஸ்திரேலியச் செதில்பூச்சி பரவியது கண்டறியப்பட்டபோது, அதை அடக்கத் தருவிக்கப்பட்டது ஒரு பொறிவண்டு இனமே. ஆனால் அக்குடும்பத்தில் இலை தின்னும் கிளை ஒன்றும் இருக்கிறது. உருளை, கத்தரி இலைகளில் நரம்பை விட்டுவிட்டுப் பச்சையத்தைச் சுரண்டித் தின்பவை அவைதாம். பிற பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டின் முதுகு பெரும்பாலும் எண்ணெய் தடவியதுபோல மினுங்கும்; இலை தின்னியின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். போட்டியில் வரிசை இரண்டுக்கும் ஒன்றே; நன்மையா தீமையா என்று கேட்டால் மட்டும் லென்ஸை எடுங்கள்.

கேள்வி: பூச்சிக்கு ஆறு கால் என்கிறார்கள். நான் பார்த்த பட்டாம்பூச்சிக்கு நான்குதான் இருந்தன. கால் ஒடிந்ததா? (மாணவி, உதகை)

பதில்: ஒடியவில்லை. வரியன்கள் என்னும் பட்டாம்பூச்சிகள் உள்ளிட்ட ஒரு பெருங்குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் குறுகி, தூரிகை போல மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். நடப்பதற்கும் உட்காருவதற்கும் நான்கு கால்களையே அவை பயன்படுத்துகின்றன. 2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் அந்தக் குடும்பம்தான். அடுத்த முறை அது உட்காரும்போது பக்கவாட்டிலிருந்து தலைக்குக் கீழே பாருங்கள், மடங்கிய அந்த இரண்டும் தெரியும்.