உறைநிலத்து மண்ணின் காந்தத்தன்மையை நிலப்பயன்பாடு மாற்றுமா?

சைபீரியாவின் உறைநிலத்தில் காட்டை வெட்டி உழுதால் மண்ணின் காந்தத்தன்மை மாறும் என்கிறார்களே, உறைந்த மண்ணுக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிப்பவன்; அந்த நிலத்தை நேரில் கண்டதில்லை. ஆயினும், விடையின் பெரும்பகுதி நம் வயற்சேற்றிலேயே கிடப்பதால் எழுதத் துணிகிறேன்.

மண் காந்தத்துக்கு எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதை, அதாவது அதன் காந்த ஏற்புத்திறனை, முதன்மையாகத் தீர்மானிப்பவை அதிலுள்ள இரும்புக் கனிமங்கள். இரும்பு அதிகம் என்றால் காந்தத்தன்மையும் அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது. கொழும்பில் நாம் கபுக் என்று சொல்லும் செம்பூரான்கல்லுக்குச் சிவப்பையும் மஞ்சளையும் தரும் ஹேமடைட், கோதைட் என்னும் இரும்புக் கனிமங்கள் காந்தத்தில் வலுக்குறைந்தவை. மக்னடைட், மக்ஹெமைட் என்னும் வலுமிக்க இரும்பு ஒட்சைட்டுகள் சிறிதளவு இருந்தாலே அளவீட்டைப் பன்மடங்கு உயர்த்திவிடும்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 பாகை செல்சியசுக்கு மேல் போகாத நிலத்தையே நிரந்தர உறைநிலம் என்கிறோம். கோடையில் அதன் மேற்படை மட்டும் உருக, கீழேயுள்ள உறைந்த படை நீரை இறங்கவிடாமல் தாங்கிக்கொள்வதால், அந்தப் படை நீர் கட்டிய நெல்வயலைப் போலாகிறது. ஒட்சிசன் தீர்ந்த சேற்றில் சில பற்றீரியாக்கள் சுவாசத்துக்கு இரும்பு ஒட்சைட்டுகளைப் பயன்படுத்துகின்றன. அப்போது நுண்ணிய மக்னடைட்டும் கரைந்துபோக, மண் சாம்பல் நிறமாகிக் காந்த ஏற்புத்திறன் தாழ்கிறது. சீனாவின் வண்டல்மேட்டில் பழைய மண்படைகள் அவற்றுக்கிடையிலுள்ள காற்றுவண்டலைவிட (காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்தூசியைவிட) உயர்ந்த அளவு காட்ட, அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் அது தலைகீழாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பனியுகத்துப் பலத்த காற்று கனமான மக்னடைட் துகள்களைக் கொண்டுவந்து சேர்த்தது மற்றொன்று.

ஆகவே, நிலப்பயன்பாடு முதலில் மாற்றுவது நீரையும் வெப்பத்தையும்தான். காந்தம் அவற்றின் பின்னால் செல்கிறது. கிழக்குச் சைபீரியாவின் யாகூட்டியாவில் லார்ச் மரங்களையும் பாசிப்படுக்கையையும் அகற்றினால், வெயிலைத் தடுத்த போர்வை போய் உருகும் ஆழம் கூடுகிறது. நீர் வடியும் சரிவு என்றால் மண்ணுக்குள் காற்றுப் புகுந்து, ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்து, புதிய நுண் மக்னடைட் உருவாக இடமுண்டு. பனிக்கட்டி மிகுந்த சமநிலம் என்றால் தரை அமிழ்ந்து குளமாகி, இருந்த மக்னடைட்டும் கரையும். ஒரே கோடரி இருவேறு முடிவுகளைத் தருகிறது என்பதால், "காடழித்தால் கூடும்" என்றோ "குறையும்" என்றோ பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

வெட்டியதை எரித்திருந்தால் கதை வேறு. கரிமப்பொருளோடு சூடாகும் வலுக்குறைந்த ஒட்சைட்டுகள் மக்னடைட்டாகவும் மக்ஹெமைட்டாகவும் மாற, மேல்மண்ணின் அளவு தெளிவாக உயர்கிறது. உழவோ அடிமண்ணை மேலே கலந்து அந்த உயர்வை நீர்த்துப்போகச் செய்யும். எண் குறைந்ததைக் கண்டவுடன் இரும்பு கரைந்துவிட்டது என்று முடிவுகட்டலாகாது.

நகரங்களுக்கு அருகில் நிலக்கரிச் சாம்பலின் காந்த உருண்டைகளும் வந்து விழுகின்றன. இதைப் பிரித்தறிய இரண்டு அதிர்வெண்களில் அளக்கிறார்கள்: ஏறத்தாழ 30 நானோமீற்றருக்குக் குறைந்த, மண்ணுக்குள்ளேயே உருவான துகள்கள் இரண்டிலும் வேறுபட்ட அளவு காட்டும், பருமனான சாம்பல் துகள்கள் அநேகமாகக் காட்டா. தீயும் அத்தகைய நுண்துகள்களையே உண்டாக்குவதால், அந்த வயல் எப்போதாவது எரிக்கப்பட்டதா என்பதை மட்டும் அங்கு வாழ்ந்தவர்களிடமோ மண்ணிலுள்ள கரித்துண்டுகளிடமோதான் கேட்டறிய வேண்டும்.