வெள்ளிக்குள் இலை இருக்கிறதா?

அன்புள்ள அக்கா,

போன வருஷம் கோத்தகிரி வந்தபோது ஒரு கடையில் இலை டாலர் வாங்கினேன். நிஜ இலையை வெள்ளியில் முக்கி எடுத்தது, முழுக்க வெள்ளி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது ஓரமெல்லாம் செம்பு நிறம் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா? இன்னொன்று. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் வைத்த துளசியில் ஓர் இலையை வெள்ளியாக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஆசை. முடியுமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

துளசி என்று படித்ததும் அதற்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் டாலர் விஷயத்தைச் சொன்னால்தான் அது புரியும்.

வெள்ளி உருக 961 டிகிரி சூடு வேண்டும். அதில் எந்த இலையை முக்கினாலும் நொடியில் கருகிவிடும். உங்கள் டாலர், காய்ந்த இலைமேல் மின்சாரம் கடத்தும் பூச்சைத் தடவி, செம்புக் கரைசலில் தொங்கவிட்டுச் செம்பைப் படிய வைத்தது. அதன்மேல் மெல்லிய வெள்ளி முலாம். தேயத் தேயச் செம்பு வெளியே வரும். அந்த முறையில் தப்பே இல்லை, அழகான வேலை. முழு வெள்ளி என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

நான் செய்வது வெள்ளிக்களியில். பொடிப்பொடியான வெள்ளித்தூளைப் பசையும் தண்ணீரும் விட்டுக் குழைத்தது அது. 1990களில் ஜப்பானிலிருந்து வந்த முறை. இலையின் முதுகில்தான் நரம்பு புடைத்திருக்கும், அங்கே தூரிகையால் தடவ வேண்டும். முதல் பூச்சு நீர்க்க இருக்கட்டும், இல்லாவிட்டால் பொடி நரம்பெல்லாம் பதியாது. காயவிட்டுக் காயவிட்டு எட்டு, பத்துப் பூச்சு. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது லேசில் காயாது. ஒரு தடவை அவசரப்பட்டு நெருப்பில் வைத்துவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, இரண்டு நாள் வேலை படாரென்று வெடித்துச் சிதறியது. அதிலிருந்து, காய்ந்ததைச் சற்றுச் சூடாக்கிக் கண்ணாடிமேல் வைத்துப் பார்ப்பேன். கண்ணாடி வேர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அப்புறம் அடுப்பு. 650 டிகிரிக்கு மேல் போகும்போது இலையும் பசையும் எரிந்து போய், வெள்ளித்தூள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளேரென்று இருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் விட்டுப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் நரம்புக்கு நடுவே உள்ள மேடுகள் முதலில் மினுங்கத் தொடங்கும். இலையின் முதுகில் மேடாக இருந்த நரம்பு வெள்ளியில் பள்ளமாகிவிடுவதால், நாம் பார்ப்பது இலையின் முகம் மாதிரியே இருக்கும். எத்தனை வருஷம் செய்தாலும் அந்த நிமிஷத்தில் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

நான் பெரும்பாலும் பறிப்பது உண்ணிச்செடி. சொரசொரப்பான இலை, நரம்பும் நல்ல ஆழம். காட்டை அடைத்துக்கொண்டு பரவும் செடி என்பதால் பறிக்க யோசிக்க வேண்டியதில்லை. சோலைக்குள் போய் ஓர் இலைகூட எடுப்பதில்லை.

சரி, உங்கள் துளசி. முடியும். சுடும்போது பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும், அதனால் பெரிய இலையாக எடுக்கலாம். சுத்த வெள்ளி மிருதுவானது, கழுத்துக்குச் சரி, மோதிரத்துக்கு வேண்டாம். ஆனால் ஒன்றை யோசித்துவிட்டு வாருங்கள். அம்மாவின் இலை அதற்குள் இருக்காது. எரிந்துவிடும், அதன் வரிகள்தான் மிஞ்சும். இலையே உள்ளே இருக்க வேண்டும் என்று தோன்றினால் செம்பு முறைதான் உங்களுக்கு. முலாத்தைக் கனமாகப் போடச் சொல்லுங்கள், தேய்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இதில் எது சரி என்று நான் சொல்ல முடியாது.

எரிந்தாலும் பரவாயில்லை என்றால் தை பிறந்து வெயில் வந்ததும் வாருங்கள். ஈரோட்டில் பறித்த இலை மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் வாடிவிடும். தொட்டியில் இருக்கிற செடி என்றால் தொட்டியோடு தூக்கி வந்துவிடுங்கள். இங்கே வந்து நீங்களே பறியுங்கள்.